படையிலிருந்து வங்கிக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வங்கித் தேர்வு அறிவிப்பைக் கடைசிப் பக்கம் வரை படித்திருந்தால் எழுதவே தேவைப்பட்டிருக்காதவை. ஆயினும் எழுதியவர்களுக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும்.

எனக்கு 44 வயது. 17 ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றினேன். எழுத்தர் பணிக்கு வயது வரம்பு 28 என்கிறார்கள். விண்ணப்பிக்க இயலுமா? (பேரையூர்)

இயலும். உங்கள் வயதிலிருந்து சேவைக் காலத்தையும், அதற்கு மேல் 3 ஆண்டுகளையும் கழியுங்கள். 44-இல் 20 போனால் 24. உண்மையான வயது 50-ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவே. இந்தக் கணக்கு அறிவிப்பிலேயே இருக்கிறது.

அதிகாரி பணியிலும் நமக்கு 14.5 சதவீத ஒதுக்கீடு உண்டல்லவா? (திருமங்கலம், ஓய்வு பெற்ற ஹவில்தார், வயது 38)

இல்லை. பொதுத்துறை வங்கிகளில் 14.5 எழுத்தர் பணிக்கும் 24.5 கடைநிலை ஊழியர் பணிக்கும் உரியவை. இரண்டிலும் அடங்கிய 4.5, பணியில் ஊனமுற்ற வீரர்களுக்கும் போரில் உயிர்நீத்தோர் குடும்பத்தினருக்கும் உரியது. நேரடி அதிகாரித் தேர்வில், படையில் லெப்டினன்ட் முதலான கமிஷன் பெற்ற அதிகாரிகளுக்கு 5 ஆண்டு வயதுத் தளர்வு உண்டே தவிர, ஒதுக்கீடு கிடையாது. எழுத்தராகச் சேர்ந்து, உள் பதவி உயர்வில் அதிகாரியாவதே உங்களுக்குள்ள வழி.

இன்னும் 8 மாதச் சேவை இருக்கிறது. வெளியே வந்த பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டுமா? பட்டமும் இல்லை. (மேலூர்)

வேண்டியதில்லை. விண்ணப்பத்தின் கடைசி நாளிலிருந்து ஓராண்டுக்குள் விடுவிக்கப்படுபவர்கள், யூனிட்டின் தடையில்லாச் சான்றோடு விண்ணப்பிக்கலாம். அச்சான்றை இப்போதே கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் யூனிட் அலுவலகத்தில் கையெழுத்திட வேண்டியவர் விடுப்பில் இருப்பார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் படையின் சிறப்புக் கல்விச் சான்றும் 15 ஆண்டுகளுக்குக் குறையாத சேவையும் இருந்தால், எழுத்தர் பணிக்குப் பட்டம் இல்லாதது தடையாகாது.

ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வை முன்கூட்டியே எழுதி வைத்துக் கொண்டால் வேலை எளிதாகுமா? (வாடிப்பட்டி)

எழுத விடமாட்டார்கள். அது வங்கியில் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கான தேர்வு.

லிங்க்டினில் 600 பேர் தொடர்பில் இருக்கிறார்கள். 11 வாட்ஸ்அப் குழுக்களில் பயோடேட்டா அனுப்பினேன். ஒருவரும் வேலை வாங்கித் தரவில்லை. வங்கியில் தெரிந்தவர் இருந்தால் போதும் என்று சொல்வது பொய்யா? (உசிலம்பட்டி)

பொய்தான், ஆனால் அதைவிடப் பெரிய பிழை உங்கள் கேள்வியில் இருக்கிறது. தொடர்பு என்பதைச் சிபாரிசு என்று எண்ணிக் கொண்டிருக்கிறீர்கள். பொதுத்துறை வங்கியின் எழுத்தர் பணி, வங்கிகளுக்குப் பொதுவாக ஆள் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். நிறுவனத்தின் தேர்விலோ ஸ்டேட் வங்கியின் தனித் தேர்விலோ பெறும் மதிப்பெண்ணால் மட்டுமே கிடைப்பது. கிளை மேலாளர் உங்கள் சொந்தத் தாய்மாமனாக இருந்தாலும் அதில் அவரால் அரை மதிப்பெண் கூட்ட முடியாது. 'முன்னாள் படைவீரர் கோட்டாவில் இடம் இருக்கிறது, மூன்று லட்சம் ஆகும்' என்று சொன்ன ஒருவரிடம் ஓய்வுக்காலப் பணிக்கொடையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் பெரியார் பேருந்து நிலையத்துக்கும் அவர் வீட்டுக்குமாக அலைந்த ஒரு நாயக்கை நான் அறிவேன். நான்கு ஆண்டுகளாக இதைத்தான் எழுதி வருகிறேன்: வேலைக்காக ஒருவரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

தெரிந்தவர்களால் கிடைப்பது தகவல். எந்தச் சான்றிதழில் எந்த வாசகம் இல்லாததால் ஆவணச் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பினார்கள், ஊதிய நிர்ணயத்துக்கு எந்தத் தாளைக் கேட்டார்கள், ஆயுதக் காவலர் பணிக்கு எந்த வங்கி ஆள் எடுக்கிறது என்பதையெல்லாம் உங்களுக்கு முன் அந்த வழியே போனவர்தான் சொல்ல முடியும். அவரைத் தேடி 600 பேரிடம் போக வேண்டாம். படைக் கேன்டீன் வரிசையிலும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். மருத்துவமனையின் காத்திருப்பு நாற்காலியிலும், ரெஜிமென்ட் நாள் விருந்திலும் அவர் உங்கள் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார். பயோடேட்டாவை நீட்டாமல், பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் கிடைத்தால், தேர்வு முடிவு வந்ததும் அவருக்குத் தெரிவியுங்கள். பெரும்பாலோர் இந்த இரண்டாவதைச் செய்வதில்லை. அதனால்தான் அடுத்த முறை அழைக்கும்போது அவர் எடுப்பதில்லை.

தனியார் வங்கி வேறு கதை. அங்கே இட ஒதுக்கீடு கிடையாது, உள்ளே இருப்பவரின் பரிந்துரைக்கு உண்மையாகவே மதிப்பு உண்டு. (நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய பேங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்துவிட்டது, அதை நினைவில் வைத்து 'மதுரை வங்கியில் ஆள் எடுக்கிறார்களா' என்று இன்றும் கேட்கிறார்கள்.) ஆனால் பரிந்துரைப்பவருக்கு உங்கள் பயோடேட்டா புரிய வேண்டும். 'சி.க்யூ.எம்.எச்.' என்று மட்டும் எழுதினால் வங்கிக்காரருக்கு ஒன்றும் விளங்காது. நூறு பேருக்கு மேற்பட்ட ஒரு படைப்பிரிவின் பொருள் இருப்பையும் கணக்குப் பதிவேடுகளையும் பொறுப்பேற்று நடத்தினேன், தணிக்கைக்குக் கணக்குக் காட்டினேன் என்று எழுதினால் விளங்கும்.

11 ஆண்டுகள் குறுகிய காலக் கமிஷனில் இருந்து வெளிவந்தேன். எனக்கு வழி என்ன? (மதுரை)

5 ஆண்டு கமிஷன் சேவை உள்ளவர்களைப் பாதுகாப்பு மேலாளர்களாகப் பொதுத்துறை வங்கிகள் அவ்வப்போது எடுக்கின்றன; அந்தந்த வங்கியின் அறிவிப்பைக் கவனியுங்கள். படையினருக்கான வங்கி ஆலோசகர் பதவிகள் ஒப்பந்த முறையிலானவை, மூத்த பதவியில் ஓய்வு பெற்றவர்களுக்கே பெரும்பாலும் போகின்றன. நிர்வாகப் பணி வேண்டுமென்றால், படையினர் மறுவாழ்வுக்கான மத்திய அரசு இயக்ககமான டி.ஜி.ஆர். மூலம் ஐ.ஐ.எம்.களில் நடக்கும் ஏறத்தாழ ஆறு மாதப் படிப்பை வெளிவருவதற்கு முன்பே முடித்திருந்தால் கட்டணத்தில் 60 சதவீதத்தை அரசே ஏற்றிருக்கும். உங்கள் பேட்சில் அதை முடித்தவர்களை விசாரியுங்கள்.

வங்கிச் சம்பளத்தில் என் பென்ஷனைப் பிடித்துக் கொள்வார்களா? (கள்ளிக்குடி, ஓய்வு பெற்ற நாயக்)

மாட்டார்கள். கமிஷன் அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட பதவிகளில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஊதிய நிர்ணயத்தில் பென்ஷன் முழுவதும் கணக்கில் கொள்ளப்படாது. எழுத்தரின் தொடக்க அடிப்படை ஊதியம் சுமார் 24,000. அதற்கு மேல் உங்கள் பழைய ஊதியத்தைக் கணக்கில் கொள்ள வேண்டுமானால் கடைசிச் சம்பளச் சான்று கையில் இருக்க வேண்டும்.

ஓராண்டுக்கு முன் ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்துவிட்டேன். இப்போது வங்கித் தேர்வுக்கு முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாமா? (சோழவந்தான்)

சேர்ந்த பிறகு கேட்கிறீர்கள். 2014-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணைப்படி, சேர்வதற்கு முன்பே விண்ணப்பித்திருந்த பணிகளுக்கு மட்டுமே, அந்த விண்ணப்பங்களைத் தேதி வாரியாகப் புதிய அலுவலகத்தில் சேர்ந்தவுடன் எழுதிக் கொடுத்திருந்தால்தான், ஒதுக்கீடு தொடரும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. எனவே பொதுப் போட்டியில் எழுதுங்கள்.