பதின்மூன்றாம் சுரங்கத்துத் தபால் ஊழியர்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

நாங்கள் அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகருக்கு அருகே வசிக்கிறோம். ஒரே மகள், பன்னிரண்டு வயது. கோடை விடுமுறையில் தெற்கே ஆஷ்லண்ட் பக்கம் போயிருந்தோம். தங்கிய இடத்தில் இரவு தீ மூட்டி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் பழைய ரயில்பாதைக் கதை ஒன்றைச் சொன்னார்.

1923இல் சிஸ்கியூ மலையில் 13ஆம் எண் சுரங்கத்தில், 13ஆம் எண் ரயிலைக் கொள்ளைக்காரர்கள் மறித்து, ஊழியர்கள் நான்கு பேரைக் கொன்றுவிட்டு மாயமாய் மறைந்துவிட்டார்களாம். வெடி வைத்துத் தகர்த்த பெட்டிக்குள் இருந்த தபால் ஊழியர் இன்றும் சுரங்க வாயிலில் சிதறிய கடிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாராம். சொல்லிவிட்டு அவர் எழுந்து தூங்கப் போய்விட்டார். அன்றிலிருந்து என் மகளுக்குத் தூக்கம் போய்விட்டது.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் சரக்கு ரயில் போகும். அதன் ஊதல் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஒரு நாள் விடியற்காலையில், கைகால் அசைக்க முடியவில்லை, கத்தவும் முடியவில்லை, கதவருகே பையோடு ஒருவர் நின்றார் என்று அழுதாள். இனி அந்தக் கதையை யாரும் பேசக்கூடாது, கணினியில் தேடவும் கூடாது என்று தடை போட்டுவிட்டேன். என் கணவர், “பேய்க்கு விசா எப்படிக் கிடைத்தது?” என்று கிண்டல் செய்கிறார். திருநெல்வேலியிலிருந்து மாமியார் மந்திரித்த கயிறு அனுப்பியிருக்கிறார்.

போன வாரம் அவளுடைய நோட்டு ஒன்று கண்ணில் பட்டது. ரயிலின் படம், சந்தேகப்படும் ஆட்களின் பட்டியல் எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கத்தில், “அவர் பையில் இருந்த கடிதங்கள் யாருக்கு? பிறகு யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்?” என்று எழுதியிருந்தாள். என் அப்பாவும் ஆர்.எம்.எஸ். என்ற ரயில் தபால் பிரிவில் வேலை பார்த்தவர்தான். இரவு ரயிலில் கடிதம் பிரித்த கதைகளை இவளிடம் நிறையச் சொல்வார். சென்ற ஆண்டு இறந்துவிட்டார். பரீட்சை நேரம் என்பதால் நான் மட்டும் ஊருக்குப் போய் வந்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இது பேயா, மனநோயா? கயிற்றைக் கட்டலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டுமே இல்லை என்றுதான் தோன்றுகிறது. உங்கள் மகளிடம் பாதிக் கதை இருக்கிறது. மீதிப் பாதியைத் தேடும் வழியை அடைத்தது நீங்கள் போட்ட தடை. முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

அந்தக் கொலைகாரர்கள் மாயமாக மறையவில்லை. பெரியவர் கதைக்குச் சுவை கூட்டுவதற்காக விட்டுவிட்ட பகுதி அது. எனக்கு அவர் மேல் கொஞ்சம் கோபம்தான். 1923 அக்டோபர் 11 அன்று ரயிலை மறித்தவர்கள் டி ஆட்ரிமான்ட் சகோதரர்கள் மூவர்: ரே, ராய் என்ற இரட்டையர், அவர்களின் தம்பி ஹியூ. பெட்டிக்கு வைத்த வெடி அளவுக்கு மீறிப் போய், உள்ளே இருந்த தபால் ஊழியர் இறந்தார். வேறு மூன்று ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கையில் ஒரு காசும் கிடைக்காமல் ஓடினார்கள்.

இனி வருவதுதான் உங்கள் மகளுக்குப் பிடிக்கப்போகும் பகுதி. ஓடியவர்கள், மார்பு வரை மறைக்கும் வேலைக் காற்சட்டை ஒன்றை விட்டுப் போயிருந்தார்கள். அதிலிருந்த கறையை கிரீஸ் என்று நினைத்து உள்ளூர் மெக்கானிக் ஒருவரைப் பிடித்து விசாரித்தார்கள். பிறகு அந்த உடுப்பு, கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த எட்வர்ட் ஆஸ்கர் ஹைன்ரிக் என்ற வேதியியல் நிபுணரிடம் போனது. கறை கிரீஸ் அல்ல, மரப்பிசின். ஆகவே உடுத்தியவன் மரம் வெட்டும் வேலை பார்த்தவன், அதிலும் இடதுகைக்காரன் என்றார் அவர். பென்சில் செருகும் ஒடுக்கமான பையின் அடியில் கசங்கிக் கிடந்த ஒரு சிறு காகிதமும் அவர் கையில் சிக்கியது. அது என்ன தெரியுமா? பதிவுத் தபால் ரசீது. ராய் தன் சகோதரருக்கு அனுப்பிய தபாலுக்கானது. ரயிலின் தபால் பெட்டியை வெடி வைத்துத் தகர்த்தவர்களைக் காட்டிக்கொடுத்தது ஒரு தபால் ரசீது!

பல மொழிகளில் சுவரொட்டி அச்சடித்துத் தேடினார்கள். 1927இல் பிலிப்பைன்ஸில் ராணுவத்தில் இருந்த ஹியூவும், பிறகு ஒகாயோ மாநிலத்தில் இரட்டையரும் பிடிபட்டார்கள். மூவருக்கும் ஆயுள் தண்டனை. சிறையில் அவர்களுக்கு நேர்ந்தது வேறு ஒரு சோகக் கதை. அதை அவள் வளர்ந்த பிறகு படிக்கட்டும்.

இதைப் பகல் வேளையில், அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருவருமாகத் தேடிப் படியுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். நோட்டை அவளுக்குத் தெரியாமல் பார்த்திருந்தால் அதையும் சொல்லிவிட்டே ஆரம்பியுங்கள்.

விடியற்காலையில் நடந்ததை நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். மருத்துவத்தில் தூக்க முடக்கம். கனவு காணும் கட்டத்தில் உடம்பு எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கும். அந்தப் பிடி விலகுவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால் கைகால் அசையாது, கனவில் வந்தவர் அறைக்குள் நிற்பதுபோலவே தெரியும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம். பயத்தால் தூக்கம் கெடுகிறது, கெட்ட தூக்கத்தால் இது வருகிறது, இதனால் மறுபடி பயம். ஒரே நேரத்தில் படுப்பது, ஒருக்களித்துப் படுப்பது, சில நாட்கள் நீங்கள் அதே அறையில் படுப்பது போதும். மீண்டும் வந்தால் ஒரு விரலை மட்டும் அசைக்க முயலச் சொல்லுங்கள்.

ஊதலுக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் ரயில் சாலையைக் கடக்கும் இடங்களில் இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம் என்று ஊத வேண்டும் என்பது விதி. அவளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். துப்பறியும் பிள்ளைக்கு இது நல்ல வேலை.

ஆனால் நோட்டின் கடைசிப் பக்கம் என்னை நிறுத்தியது. கொலைக் கதை கேட்ட பிள்ளை, கொன்றவன் யார் என்று கேட்பது இயல்பு. இவள் கடிதங்களைப் பற்றிக் கேட்கிறாள். இரவு ரயிலில் கடிதம் பிரித்த தாத்தா போய்விட்டார், அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை, வீட்டில் அதைப் பற்றிப் பேச்சும் இல்லை. கதவருகே பையோடு நிற்பவருக்கு தாத்தாவின் சாயல் கொஞ்சம் இருக்கலாம். நான் தவறாகவும் ஊகித்திருக்கலாம். ஆகவே இதை அவளிடம் ஒரு கண்டுபிடிப்பைப்போல நீட்டாதீர்கள். தாத்தாவின் புகைப்படங்களை எடுத்து வையுங்கள். முடிந்தால் பாட்டியோடு பேச வையுங்கள். அவளாகவே வருவாள்.

கயிற்றை அவள் விரும்பினால் கட்டலாம். திருநெல்வேலிப் பாட்டியின் அன்பு என்று சொல்லிக் கட்டுங்கள், பேய்க்காக என்று வேண்டாம். உங்கள் கணவரின் கிண்டல்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. சிரித்துவிடுவார்கள் என்று பயந்தால் பிள்ளை அடுத்த முறை சொல்லவே சொல்லாது.

ஒரு மாதத்தில் தூக்கம் சீராகாவிட்டாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, பகலிலும் குரல்கள் கேட்பதாகச் சொன்னாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலும், சிரிக்கும்போது கைகால் தளர்ந்தாலும் தாமதிக்க வேண்டாம். தான் சாவதைப் பற்றிப் பேசினால் உங்கள் நாட்டில் 988 என்ற எண்ணை உடனே அழைக்கலாம்.

ஒன்று கேட்க வேண்டும். அப்பா போன பிறகு நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை எனக்குத் தனியாக எழுதுங்கள்.