டோடோ தின்றால்தான் முளைக்குமா?

ரோஸ் ஹில் வாசகி: ஐயா, என் மகள் ரெதுயியில் இருக்கும் மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில் உயிரியல் முதலாண்டு படிக்கிறாள். முதலில் ரிவியூ கட்டுரைகளைப் படிக்கச் சொன்னார்களாம். பிறர் ஆராய்ந்ததைத் தொகுத்து எழுதுவதில் என்ன இருக்கிறது? நேராக ஆராய்ச்சிக் கட்டுரையையே படித்தால் என்ன?

அம்மா, இதற்கு என் மானம் போன கதையைத்தான் சொல்ல வேண்டும். எச்.எஸ்.சி. (பள்ளி இறுதித் தேர்வு) மாணவர்களுக்கு வருடா வருடம் நம் மொரிஷியஸ் காட்டுத் தம்பலக்கோக் மரத்தின் கதையைச் சொல்வேன். டோடோ பறவை அதன் பழத்தை விழுங்கும், இரைப்பையில் கொட்டையின் ஓடு தேயும், அப்புறம்தான் முளைக்கும். 1600-களில் டோடோ அழிந்ததோடு முளைப்பதும் நின்றது, மிஞ்சியவை 13 கிழட்டு மரங்கள் என்று. வகுப்பே வாய் பிளந்து கேட்கும். ஒரு வருடம் பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பாவுக்கு நாற்றங்காலில் வேலை. "மிஸ்யே (சார்), எங்க அப்பா அந்தக் கன்றுகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறாரே?" என்றான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கதை 1977-இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற ஆய்வாளர் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. டோடோவுக்குப் பதிலாக வான்கோழிகளுக்கு 17 கொட்டைகளை ஊட்டினார். 7 நொறுங்கின, 10 முழுசாக வெளியே வந்தன, அவற்றில் 3 முளைத்தன. சரி, கோழி தொடாத கொட்டைகளையும் பக்கத்திலேயே நட்டுப் பார்த்தாரா? இல்லை. 1979-இல் நம் வனத்துறையின் ஓவாடலி அதே இதழில் பதில் எழுதினார்: இளமரங்கள் இருக்கின்றன, பறவையின் தயவில்லாமலே நாங்கள் முளைக்க வைக்கிறோம் என்று. 1991-இல் விட்மர், சீக் என்ற இரு ஆய்வாளர்கள் இரு தரப்பையும் பழைய ஆதாரங்களையும் சேர்த்து அலசினார்கள். டோடோ இல்லாவிட்டால் மரமே இல்லை என்ற வாதம் அதில் நிற்கவில்லை. நான் படித்தது 1977-ஐ மட்டும். கோவில் கமிட்டித் தகராறில் ஒரு கட்சியை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவன் மாதிரி.

நல்ல ரிவியூ எல்லாக் கட்சியையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று சொல்லும். அதற்கென்றே நடக்கும் இதழ்கள் உண்டு. கேம்பிரிட்ஜின் 'பயலாஜிக்கல் ரிவியூஸ்' 1923-இல் தொடங்கியது, 'குவார்ட்டர்லி ரிவியூ ஆஃப் பயாலஜி' 1926-இல். 1932-இல் உயிர்வேதியியலோடு ஆரம்பித்த 'ஆனுவல் ரிவியூஸ்' வரிசையில், துறையில் பழுத்தவர்களை இதழ்க்காரர்களே அழைத்து எழுத வைக்கிறார்கள்.

மகளிடம் இரண்டு சொல்லுங்கள். முதலில் ஆண்டைப் பார்க்க வேண்டும், ரிவியூவுக்கும் வயதாகும். அப்புறம் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியல். பல கட்டுரைகளில் அது நூறைத் தாண்டும். எழுதியவர் தன் கட்டுரைகளையே அடுக்கியிருக்கிறாரா என்பதும் அங்கே தெரிந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு மூலக் கட்டுரைகளுக்குப் போகட்டும். போகாமல் ரிவியூவோடு நின்றுவிட்டால் நான் செய்த தப்பைத்தான் அவளும் செய்வாள்.

காத்ர் போர்ன் வாசகர்: பியர் ரிவியூ என்பதும் இதுதானா?

இல்லை. அது அச்சுக்கு முன் துறைக்காரர்கள் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துக் குறை சொல்வது. ரிவியூ கட்டுரையும் அந்தச் சோதனையைத் தாண்டித்தான் வரவேண்டும்.

வாக்குவா வாசகர்: என் தங்கை மகளுக்கு ஓர் இதழிலிருந்து மெயில்: "ரிவியூ அனுப்புங்கள், ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், கட்டணம் உண்டு." அனுப்பலாமா?

வேண்டாம். கட்டணம் கேட்பதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்ல மாட்டேன், நல்ல இதழ்களும் வாங்குகின்றன. அந்த ஒரு வாரம்தான் இடிக்கிறது. நூறு கட்டுரைகளை எடைபோட்ட எழுத்தை ஏழு நாளில் யார் சரிபார்ப்பது? படிப்பதற்கென்றால் காசே வேண்டாம். 'ஆனுவல் ரிவியூஸ்' இதழ்களில், நூலகங்களின் சந்தா போதுமான அளவு வந்தால் அந்த ஆண்டுத் தொகுதியை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். தங்கை மகள் இப்போதைக்கு அதைப் படிக்கட்டும்.