மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் குதிரைப் பந்தயம்: கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. ஓசூரில் வீடு, பெங்களூரில் மென்பொருள் வேலை. அலுவலக நண்பர்களோடு ரேஸ் கோர்ஸுக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன். முதல் நாளே ஐந்நூறு ரூபாய் ஆயிரத்து எண்ணூறாகத் திரும்பியது. குதிரைகளைப் பார்ப்பதும் பிடித்துவிட்டது. மாதம் இரண்டாயிரம் ரூபாய் ஒதுக்கி, முறையாகக் கற்றுக்கொண்டால் கொஞ்சம் உபரி வருமானம் கிடைக்குமா? எதைப் பார்த்துக் குதிரையைத் தேர்ந்தெடுப்பது? எக்செல்லில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றும் ஒரு எண்ணம். மனைவி வங்கியில் பணிபுரிகிறார். வீட்டின் வரவு செலவு, வருமான வரி எல்லாம் அவர் பொறுப்பு. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உபரி வருமானம் கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் கற்றுக்கொள்ள மாட்டீர்கள் என்பதல்ல காரணம். நன்றாகக் கற்றுக்கொண்டாலும் கிடைக்காது. ஏன் என்று பார்ப்போம்.

ரேஸ் கோர்ஸில் டோட் கவுண்டரில், அதாவது பந்தயத்தை நடத்தும் கிளப்பின் கவுண்டரில், நீங்கள் கட்டும் பணம் கிளப்போடு கட்டும் பந்தயம் அல்ல, உங்களோடு வரிசையில் நிற்கிறவர்களோடு கட்டும் பந்தயம். எல்லோருடைய பணமும் ஒரு பூலில் சேர்கிறது. கிளப் தன் கழிவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு ரேஸின் வின் பூலில், அதாவது முதலில் வரும் குதிரையைச் சொல்லும் பந்தயத்தின் பூலில், ஒரு லட்சம் ரூபாய் சேர்ந்தது, கழிவு இருபது சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பிரிப்பதற்கு எண்பதாயிரம் இருக்கிறது. ஜெயித்த குதிரையின் மேல் மொத்தம் இருபதாயிரம் கட்டியிருந்தார்கள் என்றால், பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு நாற்பது ரூபாய். பலகையில் 'வின் ரூ. 40' என்று வருவது இதுதான்.

இதன் மேல் ஜிஎஸ்டி வருகிறது. லாபத்தின் மேல் அல்ல, கட்டும் பணத்தின் முழு மதிப்பின் மேல். 28 சதவீதமாக இருந்த இது 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். கவுண்டரில் தனியாகச் சேர்த்து வாங்குகிறார்களா, டிக்கெட் விலைக்குள்ளேயே அடக்கியிருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எப்படியானாலும் போவது உங்கள் பணம்தான். தனியாகச் சேர்ப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே சொன்ன பூலுக்குத் திரும்புவோம். ஒரு லட்சத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள் எல்லோருமாகக் கொடுத்தது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். திரும்பி வந்தது எண்பதாயிரம். நூறு ரூபாய்க்கு ஐம்பத்தேழு. சராசரி ஆளைவிட நீங்கள் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தால் போதாது. அந்த நாற்பத்து மூன்று ரூபாய்ப் பள்ளத்தைத் தாண்டும் அளவுக்குக் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் பெங்களூரில் இருக்கிறாரா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

எக்செல் என்றதும் உங்கள் மனத்தில் யார் இருப்பார் என்று தெரிகிறது. 1980-களில் ஹாங்காங்கில் பில் பென்டர், ஆலன் உட்ஸ் என்ற இருவர் கணினியை வைத்துக் குதிரைப் பந்தயத்தில் பெரும் பணம் சேர்த்த கதை உண்மை. ஆனால் அங்கே பூல்கள் பிரம்மாண்டமானவை, தகவல்கள் துல்லியமானவை, வின் பூலில் கழிவு 17.5 சதவீதம். அதற்கு மேல் நாற்பது சதவீத வரி கிடையாது. நம் ஊர் பூல் சிறியது. நீங்கள் பெரிய தொகையாகக் கட்டினால் உங்கள் பணமே உங்கள் குதிரையின் விலையை, அதாவது அது ஜெயித்தால் டிக்கெட்டுக்குக் கிடைக்கும் தொகையை, குறைத்துவிடும். எக்செல் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. புரிந்துகொள்வதற்காகப் போடுங்கள்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து போன கே.ஆர். லட்சுமணன் வழக்கு அது. எனவே உரிமம் பெற்ற மைதானத்துக்குள் டோட்டிலும் உரிமம் உள்ள புக்கியிடமும், அதாவது தானே விலை சொல்லிப் பந்தயம் வாங்குகிறவரிடமும், கட்டுவது குற்றமல்ல. வெளியே டீக்கடையில் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குகிறவரும், செல்பேசியில் வெளிநாட்டுச் செயலியைக் காட்டுகிறவரும் இதில் சேர மாட்டார்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம். சென்னை வாசகர்களுக்கு வேறு கவலை இருக்கிறது. 2024-ல் ஊட்டி மைதானத்திலும் கிண்டியின் 160 ஏக்கரிலும் குத்தகைப் பாக்கியைக் காட்டி அரசு கைவைத்தது, வழக்குகள் தொடர்ந்தன. பெங்களூரில் கட்டும் உங்களுக்கு அது நேரடியாகப் பொருந்தாது.

வருமானம் என்ற எண்ணத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் ருசியான பகுதி. ஒரு ரேஸை ஓடுவதற்கு முன்பே தாளில் ஓட்டிப் பார்ப்பது.

இந்தியாவில் நடக்கும் பெரும்பாலான பந்தயங்கள் ஹேண்டிகேப் வகை. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் பழைய ஓட்டங்களைப் பார்த்து ஒரு தரப்புள்ளி, அதாவது ரேட்டிங், கொடுக்கிறார்கள். '20 முதல் 45 வரை' என்று ஒரு ரேஸுக்கு மேலே போட்டிருந்தால் அந்தப் புள்ளிக்குள் இருக்கும் குதிரைகள் ஓடுகின்றன. ஒரு புள்ளிக்கு அரை கிலோ. நல்ல குதிரை அதிக எடை சுமக்கும், சுமாரான குதிரை குறைவாகச் சுமக்கும். எல்லாக் குதிரையும் ஒரே கோட்டில் முடிக்க வேண்டும் என்பதுதான் எடை போடும் அதிகாரியின் கனவு. அவர் கணக்கு எங்கே பிசகியிருக்கிறது என்று தேடுவது உங்கள் வேலை.

ஒரு உதாரணம். 45 புள்ளிக் குதிரை 60 கிலோ சுமக்கிறது. 33 புள்ளிக் குதிரை 54 கிலோ. வித்தியாசம் ஆறு கிலோ. போன முறை இதே இரண்டும் 1200 மீட்டரில் சந்தித்தபோது எடை வித்தியாசம் இரண்டு கிலோதான். முதல் குதிரை இரண்டு குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. 1200 மீட்டர் போன்ற குறுந்தூரத்தில் ஒரு குதிரை நீளத்துக்கு ஏறக்குறைய 1.4 கிலோ என்பது நெடுநாள் கைக்கணக்கு. 1600 மீட்டரில் அது 0.9 கிலோ அளவுக்கு இறங்கும். இப்போது நாலு கிலோ கூடுதலாக ஏறியிருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட மூன்று நீளம். தாளில் பார்த்தால் இந்த முறை இரண்டாவது குதிரை ஒரு நீளத்தில் முந்த வேண்டும்.

முந்துமா? அங்கேதான் மற்ற விவரங்கள் நுழைகின்றன. ஜெயித்த குதிரை நாலு வயது, இன்னும் வளர்கிறது. தோற்றது ஏழு வயது, அதன் நல்ல காலம் முடிந்துவிட்டது. ஜாக்கி மாறியிருக்கிறாரா? பயிற்சி ஜாக்கி ஏறினால் அவருக்கான சலுகையாக மேலும் சில கிலோ குறையும், ஆனால் அனுபவமும் குறைவு. புதிதாகக் கண்மறைப்பு போட்டிருக்கிறார்களா? எந்தக் கேட்டிலிருந்து புறப்படுகிறது? தரை எப்படி? நம் கிளப்புகள் தரையின் இறுக்கத்தைக் கருவியால் அளந்து பெனட்ரோமீட்டர் அளவாக வெளியிடுகின்றன. மழைக் காலத்தில் ஓடும் புனேயில் அந்த ஒரு எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

பெரும்பாலோர் புரட்டாத ஒரு காகிதம் இருக்கிறது: ஸ்டீவர்டுகளின், அதாவது ரேஸைக் கண்காணிக்கும் அதிகாரிகளின், அறிக்கை. ஒவ்வொரு ரேஸுக்கும் பிறகு கிளப்பே வெளியிடுவது, இலவசம். 'கேட்டில் தாமதமாகப் புறப்பட்டது', 'நேர் ஓட்டத்தில் வழி அடைபட்டது', 'மூக்கில் ரத்தம் வந்தது' என்று வறட்சியான ஒற்றை வரிகளில் இருக்கும். ஆறாவதாக வந்த குதிரை உண்மையில் ஆறாவது குதிரைதானா என்று அந்த வரிகள் சொல்லும். அதைப் படித்துவிட்டு அந்த ரேஸின் வீடியோவைப் போட்டுப் பாருங்கள். முதலில் வருவதைப் பார்க்காதீர்கள். நடுவில் சிக்கிக்கொண்டு, ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி இடம் தேடும் குதிரையைப் பாருங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ரேஸில் எனக்குப் பிடித்த வேலையும் இதுதான்.

மைதானத்துக்குப் போனால் பாடக்கில் நில்லுங்கள். ஓடப் போகும் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடம் அது. நல்ல நிலையிலிருக்கும் குதிரையின் தோல் எண்ணெய் தடவியதுபோல மின்னும். பின்னங்கால் தாராளமாக முன்னால் விழும். பின்தொடைகளுக்கு நடுவில் வெள்ளை நுரை கட்டியிருந்து, காதைப் பின்னுக்கு மடித்து, நடத்திச் செல்லும் குதிரைக்காரரின் கையை இழுத்துக்கொண்டே இருந்தால், அது தன் ரேஸை அங்கேயே ஓடி முடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எல்லாக் குதிரைக்கும் இது பொருந்தாது. வியர்த்துக்கொண்டே ஜெயிக்கும் குதிரையும் உண்டு. ஆகவே ஒரே குதிரையை மூன்று நான்கு ஓட்டங்களில் பார்த்து வைத்தால்தான் இன்று அது வழக்கம்போல இருக்கிறதா என்று சொல்ல முடியும்.

இத்தனையும் பார்த்து ஒரு குதிரையைத் தேர்ந்துவிட்டீர்கள். உடனே கட்டிவிடலாமா? இங்கேதான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். எது ஜெயிக்கும் என்பது பாதிக் கேள்வி. ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்பது மீதிப் பாதி. நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று நீங்கள் மதிக்கும் குதிரைக்கு, வரி இல்லாத உலகத்தில் பத்து ரூபாய்க்கு நாற்பது வந்தால் சமன். நீங்கள் பதினான்கு கொடுத்து டிக்கெட் வாங்குவதால் ஐம்பத்தாறு வந்தால்தான் சமன். பலகையில் முப்பத்தைந்து காட்டினால், அது நல்ல குதிரைதான், கட்டத் தகுந்த குதிரையல்ல. கையைக் கட்டிக்கொண்டு ரேஸைப் பாருங்கள். இந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டால் ஒரு நாளில் எட்டு ரேஸ் நடந்தாலும் ஒன்றில்தான் கட்டத் தோன்றும். பல நாள் ஒன்றும் இருக்காது.

கூட்டம் அதிகம் நம்பும் ஃபேவரிட் குதிரை பல நாடுகளின் நீண்ட காலக் கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு ரேஸை ஜெயிக்கிறது. கூட்டம் முட்டாள் அல்ல. யாரும் சீந்தாத குதிரையில் கட்டிப் பெரிதாக அடிக்கலாம் என்ற ஆசைதான் முட்டாள்தனமானது: அத்தகைய குதிரைகளின் மேல் மக்கள் அவற்றின் தகுதிக்கு மீறிப் பணம் போடுகிறார்கள் என்பதை 1949-லேயே அமெரிக்காவில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

எந்தப் பந்தயம் என்றால், வின், அல்லது குதிரை முதல் சில இடங்களுக்குள் வந்தால் போதும் என்ற பிளேஸ். அவ்வளவுதான். முதல் மூன்றையும் வரிசையாகச் சொல்லும் டனாலாவில், பத்துக் குதிரை ஓடினால் 720 வரிசைகள் உண்டு. தொடர்ந்து ஐந்து ரேஸ்களின் வெற்றிக் குதிரையைச் சொல்லும் ஜாக்பாட்டில், ரேஸுக்குப் பத்துக் குதிரை என்றால் ஒரு லட்சம் சேர்க்கைகள். நண்பர்கள் கூடிப் பத்துப் பத்து ரூபாய் போட்டு விளையாட நன்றாக இருக்கும். குதிரை அறிவுக்கும் அதற்கும் தொடர்பு மெல்லியது.

வாட்ஸ்அப்பில் 'ஷ்யூர் டிப்' அனுப்புகிறவர்களை மதிக்க வேண்டாம். எட்டுக் குழுக்களுக்கு எட்டுக் குதிரைகளை அனுப்பினால் ஒரு குழுவுக்கு அவர் தீர்க்கதரிசி.

இப்போது இரண்டாயிரத்துக்கு வருவோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நீங்கள் அளந்துவிட்டீர்கள், சரிதான். அந்தத் தொகை மாதத் தொடக்கத்திலேயே செலவாகிவிட்டது என்று எழுதிவிடுங்கள், சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் எழுதுவதுபோல. மைதானத்துக்குப் பணமாகவே எடுத்துப் போங்கள். யுபிஐ இருக்கும் செல்பேசிக்கு அளவு தெரியாது. வரியையும் சேர்த்து ஒரு பந்தயத்துக்கு இருநூறைத் தாண்டாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி ரேஸ். அன்றைக்கு விட்டதை எல்லாம் ஒரே அடியில் பிடிக்க வேண்டும் என்ற வேகத்தில் மைதானமே நிதானம் இழக்கும் நேரம் அது. விட்டுக்கொண்டிருக்கிற நாளில் கடைசி ரேஸுக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். ஓசூர் சாலை நெரிசலுக்கும் அது நல்லது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி மனைவியிடம் சொல்லவில்லை என்பது. முதல் நாள் லாபத்தைவிட அதுதான் ஆபத்தான தொடக்கம். மறைத்துச் செய்யும் செலவுக்கு மறைவிலேயே அளவு கூடும். நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. ஒரே டிக்கெட்டில் பத்தாயிரத்துக்கு மேல் ஜெயித்தால் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பிடித்த வரி உங்கள் பான் எண்ணில் ஏறி, வருமான வரித் துறையின் ஆண்டு விவரத்தில் வந்து நிற்கும். கணக்குத் தாக்கல் செய்கிறவர் அதை முதலில் பார்ப்பார். மேலும், ஆண்டு முழுவதும் விட்ட பணத்தை ஜெயித்த பணத்திலிருந்து கழிக்கச் சட்டம் இடம் தராது. முப்பதாயிரம் விட்டு இருபதாயிரம் ஜெயித்தவரும் இருபதாயிரத்துக்கு வரி கட்டியாக வேண்டும். இதையெல்லாம் வங்கியில் வேலை செய்கிறவர் உங்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார். சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டும் போங்கள். சொல்லவே முடியாத அளவுக்குத் தொகை ஏற்கனவே கூடியிருந்தாலோ, கடன் வாங்கிக் கட்டியிருந்தாலோ, பந்தயத்தை நிறுத்திவிட்டு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், பேசுங்கள். தமிழிலும் பேசலாம், இலவசம்.

அந்த நிலை இல்லையென்றால், இப்படித் தொடங்குங்கள். முதல் இரண்டு மாதம் பணமே கட்ட வேண்டாம். ஒரு நோட்டில் ரேஸுக்கு முன்பே உங்கள் குதிரை, அதற்கு நீங்கள் கொடுக்கும் வாய்ப்பு, ஏன் அந்தக் குதிரை என்று ஒரு வரி. ரேஸுக்குப் பின் டோட் கொடுத்த விலை, ஸ்டீவர்டு அறிக்கையில் அதைப் பற்றி இருந்தது. 'ஏன்' என்ற பத்தியை மட்டும் விடாமல் எழுதுங்கள். ஜெயித்த குதிரையைத் தப்பான காரணத்துக்காகத் தேர்ந்திருந்தீர்கள் என்பது அங்கேதான் தெரியவரும். ஐந்நூறை ஆயிரத்து எண்ணூறாக்கிய அந்த முதல் நாள் குதிரையையும் முதல் வரியாக அதில் எழுதிப் பாருங்கள்.