வேடியப்பனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஒரு பழைய சர்வேயரின் பதில்கள்

தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்து நடுகற்களைப் பற்றி இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு கட்டு கடிதம் வந்திருக்கிறது. நடுகல் என்பது சண்டையில் விழுந்த வீரனுக்கு நட்ட கல், இந்தப் பக்கத்தில் அதை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். பாதிப் பேர் வழி கேட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்குத் தாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்கள். நான் பேராசிரியர் இல்லை. முப்பத்தோரு வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சங்கத்தில் பதிவேடு எழுதுவது என் வேலை. அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (அரூரிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் பக்கத்தில் ஒரு வரலாற்றுச் சங்கம் இருக்கிறது. சேர ஆசை. ஆனால் நான் படித்தது ஐடிஐ. வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தெல்லாம் வாசிக்கத் தெரியாது. நான் சேர்ந்து என்ன பிரயோஜனம்?

பதில்: ஐடிஐயில் என்ன பிரிவு என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே தம்பி. எலக்ட்ரீஷியன் என்றால் உங்களை இன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு சங்கத்துக்கு வட்டெழுத்து வாசிக்கிறவர் ஒருவர் இருந்தால் போதும். அவரைக் கல்லிடம் கொண்டுபோய்ச் சேர்க்க, முள் வெட்ட, டேப் பிடிக்க, விளக்குக் காட்ட, சொன்னதை எழுதிக்கொள்ள ஐந்து பேர் வேண்டும். எல்லாச் சங்கத்திலும் முதல் ஆள் கிடைத்துவிடுகிறார், அந்த ஐந்து பேர்தான் கிடைப்பதில்லை.

நான் எப்படி வந்தேன் என்று சொல்கிறேன். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைத் தகராறில் ஒரு புஞ்சையை அளக்கப் போயிருந்தேன். செயின் இழுத்து இழுத்துக் களைத்துப்போய், கிணற்று மேட்டில் கிடந்த ஒரு பலகைக் கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அந்த வீட்டுக் கிழவி, “எழுந்திரு சாமி, அது வேடியப்பன்” என்று கத்தினாள். எழுந்து பார்த்தால் கையில் வில்லோடு ஓர் ஆள். மேலே மூன்று வரி எழுத்து. அதற்கு முன்பு ஆறு வருடம் அந்த வட்டாரத்தில் ஒவ்வொரு சர்வே கல்லாகத் தேடித் திரிந்தவன் நான். எங்கள் துறை நட்ட கல்லைத் தவிர வேறு கல் எதுவும் கண்ணில் பட்டதே இல்லை!

அதன் பிறகு புலப்படத்தின் (நில அளவை வரைபடம்) ஓரத்தில் பென்சிலால் குறித்து வைக்க ஆரம்பித்தேன்: கிராமம், சர்வே எண், உட்பிரிவு, கிணற்றிலிருந்து எத்தனை மீட்டர். சங்கத்தில் சேர்ந்தபோது நான் கொண்டுபோன சீர் அந்தக் குறிப்புகள்தான். பின்னால் சாலை அகலப்படுத்தும் வேலையில் ஒரு கல் காணாமல் போனது. பழைய படமும் அளவும் பதிவேட்டில் இருந்ததால், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலுக்கு அடியில் கிடந்ததை ‘இது அதுதான்’ என்று தாசில்தாரிடம் காட்ட முடிந்தது. படமும் அளவும் இல்லையென்றால் அது வெறும் கருங்கல். உங்களால் என்ன பிரயோஜனம் என்று கேட்டீர்கள். இதுதான்.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு வாசகி): பத்து வயதிலும் பதின்மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். நடுகல் பார்க்கக் கூட்டிப்போகலாமா? போன முறை ஓர் இடத்துக்குப் போனோம். கல் மட்டும் தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. “இதுக்கா வந்தோம்?” என்று சின்னவன் கேட்டுவிட்டான்.

பதில்: எத்தனை மணிக்குப் போனீர்கள் அம்மா? பன்னிரண்டு மணிக்குப் போயிருந்தால் சின்னவன் கேட்டது நியாயம். உச்சி வெயிலில் புடைப்புச் சிற்பமும் எழுத்தும் தட்டையாகிவிடும். காலை ஏழரைக்கு முன்போ, மாலை நாலரைக்குப் பின்போ போங்கள். வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் உண்டாகும். வெயில் படாத முகமாக இருந்தால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த வேலையைச் சின்னவனிடம் கொடுங்கள். இல்லாத எழுத்து திடீரென்று எழுந்து வருவதைப் பார்த்தால் அப்புறம் அவன்தான் உங்களை இழுத்துக்கொண்டு போவான்.

கோதுமை மாவு, மைதா, சாக்பீஸ், சுண்ணாம்பு எதையும் கல்லில் பூசாதீர்கள். படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று பெரியவர்களே செய்கிறார்கள். மாவு எழுத்தின் குழியில் தங்கி எறும்பையும் பூஞ்சையையும் கூட்டிவரும். சாக்பீஸால் எழுத்தின் மேல் கோடு இழுத்தால் நீங்கள் ஊகித்த எழுத்துதான் அடுத்து வருகிறவருக்குத் தெரியும். கம்பி பிரஷ் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். வீரன் கையில் என்ன இருக்கிறது, உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செங்கம் பகுதிக் கற்களில் காலடிப் பக்கம் கெண்டியும் (மூக்கு வைத்த செம்பு) சிமிழும் (சின்ன மூடிப் பெட்டி) செதுக்கியிருப்பார்கள். எதிரே புலி நின்றால் அது புலிக்குத்திக் கல், புலியோடு சண்டையிட்டவனுக்கு நட்டது. எழுத்து இருந்தால் பெரும்பாலும் ‘தொறு’ என்ற சொல் வரும். மாட்டு மந்தைக்குப் பழைய பெயர் அது. மந்தையைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு விழுந்தவனுக்கு ஊரார் நட்ட கல். யாருடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன் என்று சுருக்கமாக எழுதி ‘பட்டான்’ என்று முடிப்பார்கள். தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி வாழ்த்து வரைக்கும் ஆறு படிகளைச் சொல்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. பெரிய பிள்ளைக்குத் தமிழ்ப் பாடத்தில் வரலாம்.

பிள்ளைகளுக்கென்றே ஒரு கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவகத்தி என்ற வீரன் பட்டதைச் சொல்லும் கல். பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அது கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி, அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன். ஆயிரத்து நானூறு வருடம் கழித்தும் பெயர் தெரிகிற நாய். இதைச் சொல்லி அழைத்துப் போங்கள், “இதுக்கா வந்தோம்” என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்திலேயே வரிசையாக நடுகற்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகமும் நல்லது. ஆனால் நிலத்தில் நிற்கிற கல்லுக்கும் வரிசையில் நிற்கிற கல்லுக்கும் வித்தியாசம் உண்டு. ஒன்றையாவது அதன் காட்டிலேயே பாருங்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் கேமராவை எடுக்காதீர்கள். பூசாரி வீடு எது என்று கேளுங்கள். நமக்கு அது நடுகல், அவர்களுக்கு அது குலசாமி. எண்ணெயும் மஞ்சளும் பூசியிருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். எழுத்து மறைகிறதே என்று எனக்கும் வயிறு எரியும். ஆனால் பூசிக் கும்பிட்டதால்தான் அந்தக் கல் இன்னும் நிற்கிறது. கும்பிடாத கல்லெல்லாம் மடைக்கும் படிக்கட்டுக்கும் போய்விட்டது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்கிறார் ஒரு விவசாயி, கிருஷ்ணகிரி மாவட்டம்): நிலம் திருத்தும்போது பெரிய தாழி ஒன்று உடைந்து வந்தது. உள்ளே சின்னச் சட்டிகள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்கிறார்களே?

பதில்: என்னிடம் சொல்லிவிட்டீர்கள், அதுவே நல்லது. இந்தப் பயத்தால் போன சட்டிகளின் கணக்கு மலை மாதிரி இருக்கும். ஒரு தாழி கிடைத்ததும் நிலம் கையை விட்டுப் போய்விடாது. ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வேண்டுமானால் முறையாக அறிவிக்கை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, அதற்குப் பிறகுதான் செய்வார்கள். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னமாக அறிவித்துவிட்டால் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடை, அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும். 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் இது. ‘நிலம் போச்சு’ என்ற பேச்சு பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. மாவட்டத்தில் இருக்கிற ஈமக்காடுகளில் (பழங்காலப் புதைகாடுகள்) மிகப் பெரும்பான்மை எந்த அறிவிக்கையிலும் இல்லை.

தங்கம், வெள்ளி, காசு என்று விலைமதிப்புள்ள பொருள் மண்ணிலிருந்து வந்தால் சட்டம் வேறு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். (1878-இன் பத்து ரூபாய், இன்னும் அப்படியே நிற்கிறது.) மறைத்தால் குற்றம். தெரிவித்தால் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு, அரசு தானே எடுத்துக்கொண்டால் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்த இரண்டாம் பாதியை டீக்கடையில் யாரும் சொல்வதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: அந்த மூலையில் மட்டும் உழவை நிறுத்துங்கள். சட்டியைக் கழுவாதீர்கள், உள்ளே இருக்கும் மண்ணோடு விடுங்கள். அந்த மண்ணில் உமி, எலும்பு, மணி என்று என்னவும் இருக்கலாம். விஏஓவிடம் எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்துச் சங்கத்தாரைக் கூப்பிட்டால் அவர்கள் படம் எடுத்து அளந்து தொல்லியல் துறைக்கு எழுதுவார்கள். அவர்களே மண்வெட்டியைத் தூக்கினால் விரட்டிவிடுங்கள். அனுமதி இல்லாமல் தோண்ட எந்தச் சங்கத்துக்கும் உரிமை கிடையாது.

அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லச்சந்திரம் போய்வாருங்கள், உங்கள் மாவட்டம்தான். குன்றின் மேல் கல்திட்டைகள் (பலகைக் கற்களால் அமைத்த பழைய ஈமச்சின்னங்கள்) நிற்கின்றன. உங்கள் நிலத்தில் இறந்தவர்களைத் தாழிக்குள் வைத்துப் புதைத்தவர்களின் காலத்தில் இறந்தவர்களுக்கு இப்படிக் கல்லாலும் வீடு கட்டினார்கள். உள்ளே புதையல் இருக்கிறது என்று இரவில் பலகையைப் பெயர்க்கிறவர்களும் உண்டு. கிடைப்பது மண் மட்டும். ஆகவே கல் இருக்கும் இடத்தைப் படத்தோடும் வரைபடக் குறியோடும் ஊரெல்லாம் அனுப்பாதீர்கள். சங்கத்துக்கும் துறைக்கும் சொன்னால் போதும்.

கேள்வி: கல்வெட்டு எழுத்துகளுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தால் எல்லோரும் படிக்கலாமே?

பதில்: வேண்டாம் ஐயா.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகர்): நேரம் இல்லை, பணம் தரலாம். எந்தச் சங்கத்தை நம்புவது?

பதில்: பெயர் சொல்லி யாரையும் சிபாரிசு செய்ய மாட்டேன். மூன்று கேள்வி கேளுங்கள். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாகியிருக்கிறதா? போன வருட வரவு செலவைக் காட்டுவார்களா? போன வருடம் எந்தக் கல்லைத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள்? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் அது மேடைச் சங்கம். நன்கொடைக்கு வருமான வரிக்கழிவு கேட்க உதவும் ரசீது (80ஜி என்பார்கள்) வேண்டுமானால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது.

‘விழா நடத்துங்கள்’ என்று கொடுத்தால் பணம் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் போகும். ‘படியெடுக்கிற தாளுக்கும் மைக்கும்’ என்று குறித்துக் கொடுங்கள். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மைப் பொதியால் ஒற்றி எடுப்பது பெரிய வேலை. தாள் கிழிந்தால் முதலிலிருந்து. கண்ணில் படாத எழுத்து அதில்தான் வரும். இன்னொன்று, புத்தகம் வாங்குங்கள். தமிழகத் தொல்லியல் கழகம் 1991-இலிருந்து ‘ஆவணம்’ இதழைக் கொண்டுவருகிறது. புதிதாகக் கிடைக்கும் கல்வெட்டுகளை அதில் வாசகத்தோடு போடுவார்கள். உள்ளூர்ச் சங்கத்துச் சின்ன ஆள் கண்டெடுத்த கல்லும் அச்சேறுகிற இடம் அது.

கேள்வி (ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை): ஏப்ரல் 18 உலக மரபு நாளுக்கு எண்பது மாணவர்களோடு உங்கள் பக்கம் வர நினைக்கிறோம். ஏற்பாடு செய்வீர்களா?

பதில்: வாருங்கள் டீச்சர், ஆனால் எண்பது பேர் வேண்டாம். ஒரு நடுகல்லைச் சுற்றிப் பன்னிரண்டு பேருக்கு மேல் நின்றால் பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவன் முதுகைத்தான் பார்ப்பான். ஏப்ரல் பதினெட்டில் எங்கள் பாறைகள் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். அன்றைக்குப் பள்ளியிலேயே பேசலாம், நான் வருகிறேன்.

நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம் வருகிறது. பருவமழை பார்த்து, ஒரு காலையில் உங்கள் பள்ளித் தொன்மை மன்றத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை அழைத்து வாருங்கள். கல் ஒன்றைக் காட்டி அளக்கச் சொல்லித் தருகிறேன்: உயரம், அகலம், கனம், எந்தத் திசை பார்க்கிறது, பக்கத்தில் என்ன மரம். அதை ஒரு நோட்டில் எழுதி உங்கள் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நவம்பரில் அடுத்த பன்னிரண்டு பேர் அதே நோட்டோடு அதே கல்லுக்கு வந்து, எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று சரிபார்க்கட்டும். மழைக்குப் பின் சீமைக்கருவேலம் வழியை அடைத்திருக்கும். செருப்பு வேண்டாம், ஷூ. அரிவாள் என்னிடம் இருக்கிறது.