அட்டையில் ஒன்று, சுவரில் வேறு

கேள்வி: டல்லாஸ் பக்கம் வீடு வாங்கியிருக்கிறோம். 10-க்கு 12 அடி அறை ஒன்றை ஆபீஸ் அறையாக்கி, நான்கு சுவருக்கும் கருஞ்சாம்பல் அடிக்க ஆசை. வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல். ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயிண்ட் கடையில் பெப்பர்கார்ன், அயர்ன் ஓர் என்று இரண்டு வண்ண அட்டைகள் எடுத்து வந்தோம். எங்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. எதை வாங்கலாம்?

பதில்: பெப்பர்கார்ன் வாங்குங்கள்.

ஒரு வண்ணம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதை எல்.ஆர்.வி. என்ற எண் சொல்லும். 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. பெப்பர்கார்னுக்கு 10, அயர்ன் ஓருக்கு 6. வெறும் நாலுதானே என்று தோன்றும். 74-க்கும் 70-க்கும் நடுவே அந்த நாலு பெரிதாகத் தெரியாது. இருட்டுப் பக்கம் வந்துவிட்டால் கதையே வேறு. 10 என்பது 6-ஐப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் அல்லவா! வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அதிகம் விழாது. அங்கே அயர்ன் ஓர் அடித்தால் மூலைகளெல்லாம் கறுப்பாகவே நிற்கும், பகலெல்லாம் அதற்குள் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். ராத்திரி மட்டும் படம் பார்க்கிற அறை என்றால் அயர்ன் ஓரையே சொல்லியிருப்பேன், அழகான நிறம்.

பெப்பர்கார்னிலும் ஒரு சிக்கல் உண்டு. எந்தப் பக்கமும் சாயாத சாம்பல் என்பதால், வடக்கு வெளிச்சத்தின் நீலத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். நான் ஒரு பெரிய அட்டையில் அடித்து வடக்கு அறையில் சாய்த்து வைத்தபோது, மேகம் மூடிய மதியத்தில் லேசாகக் கத்தரிப்பூ நிறம் எட்டிப் பார்த்தது. மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் பல்பைப் போட்டதும் மறைந்துவிட்டது. வெள்ளை வெளிச்சம் தரும் 5000 கெல்வின் பல்பில் திரும்ப வந்தது. ஆகவே பல்பையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

நீங்களும் வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு பாருங்கள். ஈரத்தில் வெளுப்பாகத்தான் தெரியும். அட்டையை ஜன்னலுக்கு எதிரே ஒரு நாள், ஜன்னலை ஒட்டிய சுவரில் ஒரு நாள் வையுங்கள்.

அப்புறம், பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் வெள்ளையில் வேண்டாம். சாம்பல் நிறம் கலந்து தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கோட்டில் முடிகிற வேலை மூன்றுக்கு இழுக்கும்.