பெட்ரோல் விலை ஏறியிருக்கும்போது கோடை விடுமுறையில் காரில் மலைக்குப் போய்க் கூடாரத்தில் தங்குவது கட்டுப்படியாகுமா?

கேள்வியைப் படித்தால், உங்களிடம் ஒரு சிறிய கார் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டாயிற்று, வீட்டில் யாரோ ஒருவர் "பெட்ரோல் விக்கிற விலையில இது தேவையா?" என்று கேட்டுவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்ட ஆள் நான்தான் என்பதால் எழுதுகிறேன்.

2022-ஆம் ஆண்டு மே மாதம். மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரையிலான இரண்டே வாரங்களில், சென்னையில் லிட்டர் 101 ரூபாய் 40 காசாக இருந்த பெட்ரோல் 110 ரூபாய் 85 காசாகிவிட்டிருந்தது. ஊரடங்கில் இரண்டு கோடைகளை வீட்டுக்குள்ளேயே கழித்த என் மகள், தள்ளுபடியில் வாங்கிய கூடாரத்தை மொட்டை மாடியில் விரித்து அதற்குள் படுத்துப் பழகியிருந்தாள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று நான் சொன்னதும், என் மனைவி ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டு என் முன்னால் வைத்தாள்.

தாம்பரத்திலிருந்து திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி, அங்கிருந்து மன்னவனூர் போய்த் திரும்ப, உள்ளூரில் சுற்றுவதையும் சேர்த்துச் சுமார் 1,150 கிலோமீட்டர். லிட்டருக்குச் சராசரியாக 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 77 லிட்டர் வேண்டும். மார்ச் மாத விலைக்கும் மே மாத விலைக்கும் உள்ள வித்தியாசம் மொத்தப் பயணத்துக்கும் 730 ரூபாய்க்குள்தான் வந்தது. நான் பயணத்தையே கைவிடத் துணிந்தது அந்த 730 ரூபாய்க்காக. (மொத்தப் பெட்ரோல் செலவே எட்டாயிரத்தைத் தாண்டுகிறதே, அது சின்னத் தொகையா என்று சிலர் கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் அதில் பெரும்பகுதி விலை ஏறாமல் இருந்திருந்தாலும் செலவாகியிருக்கும்.)

மன்னவனூரில் ஒரு பூண்டுத் தோட்டக்காரர் தம் நிலத்தின் ஓரத்தில் கூடாரம் போட ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அனுமதித்தார். வனத்துறை நிலத்தில் நம் இஷ்டத்துக்குக் கூடாரம் அடிக்க முடியாது என்பதை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இரவுகளும் அருமையாகக் கழிந்தன. வினை மூன்றாம் நாள் வந்தது. சனிக்கிழமை பிற்பகல் சாமான் வாங்கக் கொடைக்கானல் வந்தபோது, திங்கட்கிழமை விலை இன்னும் ஏறப்போகிறது என்று டீக்கடையில் யாரோ சொன்னதை நம்பி, மலையில் விலை சற்றுக் கூடுதல் என்று தெரிந்தும் 30 லிட்டர் போட்டு டாங்கை நிரப்பினேன். மன்னவனூரில் சிக்னல் கிடையாது. ஞாயிறு காலை கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு பூம்பாறையைத் தாண்டும்போதுதான் கைப்பேசி உயிர்பெற்றது. முந்தின நாள் மாலையே மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்கு 8 ரூபாய் குறைத்திருந்தது. சென்னையில் விலை 102 ரூபாய் 63 காசு. ஓர் இரவில் எனக்கு 250 ரூபாய் நட்டம்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த 250 ரூபாயை மலையிறக்கத்திலேயே மீட்டுவிடுவது என்று முடிவெடுத்து, பெருமாள்மலை தாண்டியதும் வண்டியை நியூட்ரலில் போட்டு இறக்கத் தொடங்கினேன். பத்து, பதினைந்து வளைவுகள் வரை பெருமையாக இருந்தது. பிறகு மனைவி, "என்னங்க, ஏதோ கருகுற வாடை வருதே" என்றாள். லாரியின் நாற்றமாக இருக்கும் என்றேன். அடுத்த கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மிதித்தபோது பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. வண்டி நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் முன்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. மகள் சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற பாட்டிலைத் திறந்தாள். பின்னால் வந்து நின்ற ஜீப்பின் ஓட்டுநர் "பாப்பா, ஊத்தாதே, சூட்டுல பிரேக் தட்டு கோணிரும்" என்று தடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "சார், ஏறின கியர்லதான் இறங்கணும்" என்று மட்டும் சொன்னார். நியூட்ரலில் இஞ்சினின் பிடி இல்லாததால், வண்டியை அடக்கும் பாரம் முழுவதும் பிரேக்கின் மேலேயே விழுந்திருந்தது. முக்கால் மணி நேரம் காத்திருந்து, இரண்டாவது கியரில் ஊர்ந்து வத்தலக்குண்டு சேர்ந்து பிரேக் பேடுகளை மாற்றியதில் 2,400 ரூபாய் போயிற்று.

இதில் இன்னொரு வேடிக்கை, நியூட்ரலில் பெட்ரோல் மிச்சமாவதே இல்லை. இன்றைய கார்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே இஞ்சினைச் சுழற்றுவதால் பெட்ரோல் செல்வது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, இஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கத் தொடர்ந்து குடித்துக்கொண்டே இருக்கும். இஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்போது பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி விசையும் போய்விடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

மிச்சப்படுத்த வேண்டுமானால் சமவெளியில் மிச்சப்படுத்துங்கள். கூடாரத்தையும் மூட்டைகளையும் கூரைமேல் கட்டினால் காற்று தடுத்து மைலேஜ் குறையும். இடமிருந்தால் உள்ளேயே அடக்குங்கள். நூறில் போகும் இடத்தில் எண்பதில் போங்கள். ஒரே இடத்தில் தங்கி, ஊர் சுற்றுவதைக் குறையுங்கள். சுங்கக் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்: சென்னையிலிருந்து திருச்சி போவதற்குள் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று ஆறு இடத்தில் கட்ட வேண்டும். பெட்ரோல் ஒரு ரூபாய் ஏறினால் கொதிக்கும் நாம், இது ஆண்டுதோறும் ஏறுவதை ஃபாஸ்டேக் தானாக எடுத்துக்கொள்கிறது என்பதாலேயே கவனிப்பதில்லை. 2024 மே முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வேறு வந்துவிட்டது. கிளம்புமுன் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நாங்கள் இன்னமும் மன்னவனூருக்குப் போய்வருகிறோம். திரும்பும்போது பெருமாள்மலை வந்ததும் மனைவி வண்டியை நிறுத்தச் சொல்வாள். நான் மறுபேச்சில்லாமல் இறங்கிப் பக்கத்து இருக்கைக்கு மாறிக்கொள்வேன்.