டாலரை வாங்குவது யார், விற்பது யார்? – வாசகர் கேள்வி பதில்

? சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) இறுதித் தேர்வு ஏ.எஃப்.எம். (மேம்பட்ட நிதி மேலாண்மை) தாளில் அந்நியச் செலாவணிக் கணக்கு எப்பப் போட்டாலும் விடை மாறிப் போகுதுங்க. சூத்திரமெல்லாம் மனப்பாடம். எங்கே தப்பு நடக்குது?
– ஒரு வாசகி, அவிநாசி

பெரும்பாலும் எந்தப் பக்கத்து விலையை எடுப்பது என்பதில்தான். வங்கி 84.00 / 84.05 என்று சொன்னால், டாலரை 84.00-க்கு வாங்கும், 84.05-க்கு விற்கும். திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர் கொண்டுவரும் டாலரை வங்கி வாங்குகிறது, அவருக்கு 84.00. வெளிநாட்டு நிட்டிங் மெஷினுக்குப் பணம் கட்டுபவருக்கு 84.05. ‘வங்கி டாலரை வாங்குகிறது’ அல்லது ‘விற்கிறது’ என்று முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் எண்ணைத் தொட வேண்டும்.

ஃபார்வர்டு என்பது பின்னொரு நாளில் கைமாறும் டாலருக்கு இன்றே பேசிக்கொள்ளும் விலை. இன்றைய விலையோடு அதற்குள்ள வித்தியாசம்தான் ஃபார்வர்டு புள்ளிகள். மூன்று மாதத்துக்கு அவை 30/35 பைசா என்று வைத்துக்கொள்வோம். ஏறுமுகமாக இருப்பதால் கூட்டுங்கள்: 84.30 / 84.40. 35/30 என்று இறங்குமுகமாக இருந்தால் கழிக்க வேண்டும்.

இப்போது அந்த ஏற்றுமதியாளருக்கு மூன்று மாதத்தில் 1,00,000 டாலர் வரவேண்டும். டாலர் கடன் வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம், ரூபாய் டெபாசிட் வட்டி 7. மணி மார்க்கெட் ஹெட்ஜ் (கடன், டெபாசிட் வழியாக விலை மாற்றத்திலிருந்து காத்துக்கொள்வது) என்றால், வரப்போகும் டாலரால் வட்டியோடு அடையும் அளவுக்கு இன்றே டாலரில் கடன் வாங்குவது. மூன்று மாதத்துக்கு வட்டி 1.5 சதவீதம். 1,00,000 ÷ 1.015 = 98,522 டாலர். அதை 84.00-க்கு மாற்றினால் ரூ.82,75,862. மூன்று மாதம் டெபாசிட் செய்தால், 1.75 சதவீத வட்டிக்கு 1.0175-ஆல் பெருக்கி ரூ.84,20,690. ஃபார்வர்டில் விற்றிருந்தால் ரூ.84,30,000. ஆக ஃபார்வர்டே ரூ.9,310 லாபம்.

இதில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஆண்டு வட்டியை நான்கால் வகுக்காமல் அப்படியே போடுவது ஒன்று. முழு 1,00,000 டாலரையும் கடனாக வாங்குவது இன்னொன்று. வரும் தொகை அசலையும் வட்டியையும் சேர்த்து அடைக்க வேண்டும் என்பது அங்கே மறந்துபோகிறது.

ஃபார்வர்டு ஒப்பந்தத்தை ரத்து செய்யும் கணக்கில் பக்கம் புரண்டுவிடும். டாலரை விற்க ஒப்புக்கொண்டவர் ரத்து செய்யும்போது அதே டாலரை வாங்குபவர் ஆகிறார். எனவே வங்கியின் விற்பனை விலை.

? பைனாமியல் முறையில் (பங்குக்கு ஏறும் விலை, இறங்கும் விலை என இரண்டை மட்டும் வைத்து ஆப்ஷன் விலை காணும் முறை) வரும் நிகழ்தகவைப் பங்கு ஏறும் வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

கூடாது. பங்கு 400 ரூபாய், 440-க்கு ஏறலாம், 360-க்கு இறங்கலாம், அந்தக் காலத்துக்கு வட்டி 2 சதவீதம் என்றால், (1.02 – 0.90) ÷ (1.10 – 0.90) = 0.6. சந்தை உண்மையில் எவ்வளவு நம்பிக்கையாக இருக்கிறது என்பதற்கு இங்கே இடமே இல்லை. 400 ஸ்ட்ரைக் உள்ள கால் ஆப்ஷன், அதாவது 400 ரூபாய்க்குப் பங்கை வாங்கும் உரிமை, பங்கு ஏறினால் 40, இறங்கினால் 0. 0.6 × 40 ÷ 1.02 = ரூ.23.53. சரிபார்க்க: 40 ÷ 80 = 0.5, இதுதான் டெல்டா. அரைப் பங்கு வாங்க 200 ரூபாய்; இறங்கினால் அதன் மதிப்பு 180 என்பதால், அதில் 180 ÷ 1.02 = 176.47 கடன். கைப்பணம் அதே 23.53. கேள்வியில் ‘ரிஸ்க் நியூட்ரல்’ (0.6 வைத்துப் போடும் வழி) என்று இருந்தாலும் ‘டெல்டா’ என்று இருந்தாலும் விடை ஒன்றாகத்தான் வர வேண்டும்.

? ஆப்ஷன் விலை காணும் பிளாக் ஷோல்ஸ் கணக்குக்கு சயின்டிஃபிக் கால்குலேட்டர் அனுமதி இல்லையே, லாக் எப்படி எடுப்பது?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

வித்தியாசம் சிறிதாக இருந்தால் தொடர் போதும். 410/400 = 1.025; இயல் லாக் = 0.025 – (0.025 × 0.025 ÷ 2) + சிறு பகுதி = 0.0247. வர்க்கமூலத்துக்குச் சாதாரண கால்குலேட்டரிலேயே பொத்தான் உண்டு. ஆறு மாதம் என்றால் காலம் 0.5, அங்கே 6 என்று போட்டால் எல்லாம் போச்சு.

? எஃப்.ஆர்.ஏ. (பின்னால் தொடங்கும் கடனுக்கான வட்டியை இன்றே உறுதிசெய்யும் ஒப்பந்தம்) கணக்கில் கடைசியில் ஏன் மறுபடி தள்ளுபடி செய்கிறார்கள்?
– ஒரு வாசகி, கரூர்

வட்டிக் காலம் தொடங்கும்போதே பணம் கைமாறுவதால். 10 கோடி, மூன்று மாதம், ஒப்பந்தம் 7 சதவீதம், சந்தை 8 என்றால் வித்தியாசம் ரூ.2,50,000. அது காலத்தின் முடிவில் வர வேண்டிய தொகை. 1.02-ஆல் வகுத்து ரூ.2,45,098. தள்ளுபடிக்கு எடுப்பது சந்தை வட்டியான 8. ஒப்பந்த வட்டியான 7 அல்ல.

? இந்த அத்தியாயங்களை விட்டுவிட்டுப் பாஸ் ஆக முடியுமா?
– ஒரு வாசகர், தாராபுரம்

துணிய வேண்டாம். 100 மதிப்பெண்ணில் 30 பலவுள் தெரிவு. எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். தப்புக்குக் கழிப்பு இல்லாததால் ஒன்றையும் காலியாக விடாதீர்கள். மீதி 70-ல் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு. ‘வங்கி வாங்குகிறது’ என்ற அந்த வரியையும் விடைத்தாளிலேயே எழுதுங்கள்.